ஸர்தீனாவின் கண்கள்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஷெட்லிக்கு ஒரே வேலைதான். கைப்பேசியைப் பால்கனிக் கம்பியில் சாய்த்து வைத்து, கடல் தாண்டிப் பலெர்மோ நகரத்திலிருக்கும் மனைவியை அழைப்பது. தலெண்டா அங்கே ஒரு படுக்கை நோயாளிக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. சொந்த ஊரான பிஸெர்த்தாவில் அவள் வேலை பார்த்த தையல் ஆலையை மூடியபோது, ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். அங்கே தங்குவதற்கான அனுமதித் தாள்கள் கைக்கு வரும்வரை ஊர் திரும்ப முடியாது, திரும்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அங்கே காட்ட ஷெட்லியிடம் இருந்தது ஸர்தீனா என்ற பூனை மட்டும்தான்.

மீன்பிடித் துறையில் வலைக்கடியில் கிடந்த குட்டியைப் பதினான்கு வருஷத்துக்கு முன் தலெண்டா மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மத்தி மீனின் பெயரையே அதற்கு வைத்தாள். அவள் போன புதிதில் திரையில் அவள் முகம் தெரிந்தால் பூனை மூக்கை வைத்து உரசும். கொஞ்ச நாளாக அது திரையைத் திரும்பியே பார்ப்பதில்லை.

"உன்னைத்தான் பாக்குறா," என்றான் ஷெட்லி, பூனையின் தலையைக் கையால் திருப்பிப் பிடித்தபடி.

"பொய் சொல்லாத. நீ கழுத்தைத் திருப்பி வெச்சிருக்க. என்னை மறந்துட்டா அவ."

"மூணு வருஷம் பாக்காம இருந்தா யாருக்குத்தான் மறக்காது?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று ஷெட்லிக்கு உறைத்தது. தலெண்டா திரைக்கு மிக அருகில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஷெட்லி, அங்க நல்ல வெயில்தானே?"

"கண்ணைக் கூசுது."

"வெயில்ல பூனை கண்ணு கோடு மாதிரி சுருங்கி இருக்கணும். இவளுக்குப் பாரு, கண்மணி முழுக்க விரிஞ்சு கிடக்கு. இருட்டுல இருக்கிற மாதிரி."

அவன் குனிந்து பார்த்தான். உண்மைதான். இரண்டு கண்ணும் கரியைப் போலக் கறுப்பாக இருந்தன. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினான். பூனை இமைக்கவில்லை.

"காலையில கூட நேரா நடந்து வந்து தட்டுல சாப்பிட்டாளே," என்றான்.

"எதையாவது நகர்த்தி வெச்சுக் கூப்பிட்டுப் பாரு."

கூடத்தில் சமையலறைக் கதவருகே தலெண்டாவின் நாற்காலி இருந்தது. அவள் கிளம்பிய காலையில் எழுந்து போட்ட கோணத்திலேயே கிடந்தது. ஷெட்லி அதை ஒருபோதும் தொட்டதில்லை. இப்போது அதைத் தூக்கி வழியில் ஒரு முழம் தள்ளி வைத்தான். தட்டைத் தரையில் தட்டினான். ஸர்தீனா வாலைத் தூக்கிக்கொண்டு, எப்போதும்போல மிடுக்காக நடந்து வந்து நேராக நாற்காலிக் காலில் போய் முட்டியது. பின்வாங்கி நின்று, தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஏதோ வந்திருக்கிறதே என்பதுபோல அதை மோந்து பார்த்தது.

பால்கனியிலிருந்து தலெண்டாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்ன ஆச்சு? சொல்லு. முட்டினாளா?"

மறுநாள் கால்வாய்ப் பாலத்தில் அவனுக்குக் காலை முறை. கப்பல் வரும்போது பாலத்தைத் தூக்கி இறக்கும் குழுவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறான். முறையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, காய்கறிக் கூடையில் துண்டு போட்டுப் பூனையை வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் ராத்யாவிடம் போனான்.

ராத்யா கண்ணை முதலில் பார்க்கவில்லை. முன்னங்காலில் விரலளவு பட்டையைச் சுற்றினாள். பாதத்துக்கு அடியில் முடியை வழித்து, களிம்பு தடவி ஒரு சின்னக் கருவியை வைத்தாள். உடனே அறை முழுக்க ஒரு சத்தம் வந்தது. வேகமாக, மூச்சு வாங்குவதுபோல, உஷ் உஷ் என்று.

"என்ன சத்தம் இது?"

"அவ ரத்தம் ஓடுற சத்தம், சித்தப்பா. ஒவ்வொரு தரம் இதயம் அடிக்கிறப்பவும் ஒண்ணு."

ஐந்து தடவை அளந்தாள். பிறகு விளக்கை அணைத்து, கண்ணாடி வில்லை வைத்து இரண்டு கண்ணுக்குள்ளும் நெடுநேரம் பார்த்தாள்.

"இருநூத்தி முப்பது. நூத்தி அறுபதே ஜாஸ்தி. வயசான பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்துச்சுன்னா இப்படி ரத்த அழுத்தம் ஏறிடும். கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற குழாயெல்லாம் நூலைவிட மெல்லிசு. இந்த அழுத்தத்தைத் தாங்காது. கசியும். கசியுற நீர் உள்ள தேங்கி, பாக்கிற திரையை அப்படியே உரிச்சுத் தள்ளிடும், ஈரச் சுவத்துல காகிதம் உரியுற மாதிரி. எத்தனை நாளாச்சு?"

"தெரியலம்மா."

"ஒண்ணு ரெண்டு நாளா, ஒரு மாசமா? சீக்கிரம் பாத்தா ஒட்ட வாய்ப்பு உண்டு, அதான் கேக்குறேன். வீட்ல எங்கேயும் முட்டலையா?"

"இல்ல. நாங்க... நான் எதையும் இடம் மாத்தினதில்ல. அவ போனதுலேந்து எல்லாம் அப்படியேதான் இருக்கு."

'அவ' யார் என்று ராத்யா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும், சின்ன ஊர்தானே. "அதான் உங்களுக்குத் தெரியல. மனப்பாடமா நடந்திருக்கா," என்றாள். மாத்திரையைச் சின்னத் துண்டாக வெட்டிக் காட்டினாள். அது ஷெட்லியும் ரத்த அழுத்தத்துக்குத் தினமும் போடுகிற மாத்திரைதான்.

"ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கிக்கலாம்," என்றாள் ராத்யா. "உங்க முழு மாத்திரையை அவளுக்குக் கொடுத்துடாதீங்க, அவ எடை நாலு கிலோ. ஆலிவும் ஊறுகாயும் கொறையுங்க. அது உங்களுக்கு."

வீட்டுக்கு வந்து தலெண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் கேட்டதோ வேறு.

"எதையும் மாத்தலைன்னு டாக்டர்கிட்ட சொன்னியா? ஏன் மாத்தல?"

அவன் கூடையிலிருந்து பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"உன் செருப்பு கதவுக்குப் பின்னாடி இருக்கு. பாதி பின்னின கம்பளி அலமாரி மேல இருக்கு. ஊசியோட. தூசி தட்டிட்டு அங்கேயே வைப்பேன்."

"என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"சொன்னா நீ அங்க நிம்மதியா இருப்பியா?"

"நான் இங்க நிம்மதியா இருக்கேன்னு யார் சொன்னா உனக்கு?" என்றாள். பக்கத்து அறையில் கிழவி கூப்பிடுவது கேட்டது. அவள் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் அழுத்தம் நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. வலக்கண் போனது போனதுதான் என்றாள் ராத்யா. இடக்கண்ணில் உரிந்த திரை கொஞ்சம் ஒட்டியிருந்தது, நிழல் தெரியலாம் என்றாள். அதன்பிறகு ஷெட்லி வேலை முடிந்து வந்தால் பால்கனியில் பூனைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆறாம் வாரத்தில் ஒரு நாள், கடற்பறவை ஒன்று கம்பியைத் தாண்டிச் சத்தமில்லாமல் பறந்தது. ஸர்தீனாவின் தலை அதன் பின்னாலேயே திரும்பியது. ஷெட்லி அங்கிருந்தே தலெண்டாவுக்கு அழைத்தான். வேலை நேரத்தில் அழைக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தும் அழைத்தான்.

அக்டோபரில் தாள்கள் வந்தன. தலெண்டா கப்பலேறி வந்தாள். வாசலில் குரல் கேட்டதும் பூனையின் காதுகள் எழுந்தன. அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஸர்தீனா வந்து விரல்களை மோந்தது. அந்நிய சோப்பின் வாசனை பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டது. தலெண்டா சிரித்தாள், பிறகு தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் பூனை தானாக அவள் மடியில் ஏறிப் படுத்தது. எழுந்திருக்க மனமில்லாமல் அவள் ஷெட்லியையே ரொட்டி சுடச் சொன்னாள். அவன் கருக்கினான். அதையே சாப்பிட்டார்கள்.

இருபது நாள் விடுப்பு. தலைநகரத் துறைமுகத்தில் வழியனுப்பும்போது, வரிசை நகர ஆரம்பித்த பிறகு, ஷெட்லி அவள் பைக் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"போகாத," என்றான்.

தலெண்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே நீ."

"அப்பச் சொல்ல வாய் வரல."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. பையை விடு."

அவன் விட்டான். கப்பல் வெளிக்கடலுக்குப் போகும்வரை நின்றுவிட்டு, பேருந்தில் பிஸெர்த்தாவுக்குத் திரும்பி மாலை முறைக்குப் போனான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாலத்தில் இருக்கும்போதே அவள் அழைத்தாள். பூனையைப் பற்றிக் கேட்கவில்லை.

"கிழவி வீட்ல வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். மார்ச்ல ஒரேயடியா வந்துடறேன். கேக்குதா?"

கீழே கப்பலொன்று ஊதிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டான்.

"கேக்குது," என்றான். "இன்னொரு தரம் சொல்லு."