ஒன்பது நல்ல நாட்கள்

அந்த ஒன்பது நாளையும் நோய் என்று எழுதிவிட்டால், நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

மருத்துவமனை வராந்தாவில் அவள் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா, மடியில் பையை வைத்து அதன்மேல் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடந்த இரண்டு மாதமும் தினம் எவ்வளவு தூக்கம், மனசு எப்படி என்று எழுதி வரச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த தாள். தங்கை படுக்கையை விட்டு எழாமல் அழுதுகிடந்த வாரங்களை அக்கா ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய ஒன்பது நாளுக்கு மட்டும் வரிசையாக, ‘எட்டு மணி நேரம். நன்றாக இருந்தாள்.’

“நான் தூங்கவே இல்லையேக்கா.”

“அதையெல்லாமா எழுதுவாங்க? எவ்வளவு கலகலன்னு இருந்தே! முதலாளியை மூஞ்சிக்கு நேரா தூங்குமூஞ்சின்னியே, தையல் கடையே சிரிச்சுதுடி.”

சிரித்தது உண்மைதான். யாரும் கேட்காத நாற்பது சட்டைகளுக்கு அவள் துணி வெட்டிப் போட்டதும் உண்மை. கத்தரி அவள் கையை இழுத்துக்கொண்டு ஓடியது. நிறுத்தத் தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்க உள்ளே நடுங்கியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா குரலைத் தணித்தாள். “சோர்வுன்னா பாவம்பாங்க. நோய்க்கு வேற பேரு வந்துச்சுன்னா கடையில உன் கையில கத்தரியைக் கொடுப்பாங்களா?”

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். “படுத்துக் கிடக்கும்போது வெறும் மனச்சோர்வும், உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற இன்னொரு நோயும் ஒரே மாதிரிதாம்மா தெரியும். முன்னாடி அளவுக்கு மீறின உற்சாகம் இருந்துச்சான்னு வச்சுதான் பிரிக்க முடியும். அது தெரியாம சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தா, சிலரை அந்த உற்சாகத்துப் பக்கம் தூக்கி விட்டுடும். அதான் கேக்கறேன். இதுல எழுதியிருக்கிறது சரிதானே?”

மறுபடியும் அந்த ஓட்டமா?

மேசைக்கடியில் அக்கா அவள் முழங்காலை அழுத்தினாள். “சரிதான்னு சொல்லுடி, கண்ணு.”

அக்காவின் கையை மெல்ல எடுத்து அக்கா மடியிலேயே வைத்தாள்.

“இல்லக்கா. அப்படிச் சொல்ல மாட்டேன்.”