குப்பை என்று நினைத்தது

அன்று குளக்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நீரேற்று நிலையத்தில் மேலாளராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மகள், அவளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தி, சம்பந்தியம்மா.

"வசதி முன்னப்பின்ன இருக்கும் சம்பந்தி. ஆனா எங்க வீட்டுப் பொண்ணு வாயில பொய் வராது" என்று கூடத்திலேயே சொல்லிவிட்டுத்தான் பெரியவர் அவர்களைப் பின்வாசல் வழியாகக் குளத்துக்கு அழைத்து வந்தார். "என் கண்ணு பட்டவரைக்கும் இதுல ஒரு காகிதம் மிதக்காது."

சொல்லி வாய் மூடவில்லை, கோரையோரம் அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதந்தது. சம்பந்தியும் அதைத்தான் பார்த்தார்.

"அது மட்டும் விதிவிலக்கோ?" என்று சிரித்தார்.

பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குப்பை இழுக்கும் நீளக் கழி வாரியை எடுத்தார். தேநீர்த் தட்டோடு படியிறங்கிய மகள், "அப்பா, வேணாம்பா" என்றது காதில் விழத்தான் செய்தது. வந்தவர்கள் முன்னால் பெண்ணிடம் யோசனை கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரே இழுப்பு. குவியல் கரையேறிப் பிளந்தது. பாசிக்கறை படிந்த முட்டைகள் உருண்டன. இரண்டு கல்லில் பட்டு உடைந்தன.

முக்குளிப்பான் பறவை கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளை ஈரப்பாசியால் மூடிவிட்டுப் போகும். குப்பையாகத் தெரிவதுதான் அதற்குக் காவல். மகள் இதைச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். அவரும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உம் கொட்டியிருந்தார்.

"அடப் பாவமே" என்றார் சம்பந்தியம்மா.

"கூமுட்டை. எப்பவோ விட்டுட்டுப் போனது" என்றார் பெரியவர். குரல் அவருடையதாகவே இல்லை.

மகள் தட்டை வைத்துவிட்டு, உடையாத முட்டை ஒன்றை எடுத்தாள். அதன் சூடு உள்ளங்கையில் ஏறியது அவள் முகத்தில் தெரிந்தது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு விரல்களை மூடிக்கொண்டாள்.

"ஆமா அத்தை. கூமுட்டைதான்."

பெரியவரின் நிமிர்ந்த முதுகு அப்படியே நின்றது, அவருக்கு வளைக்கவும் தெரியவில்லை. கோரைக்கு அப்பால் அந்தச் செங்கழுத்து முக்குளிப்பான், அலகில் பாசியோடு மேலே வந்தது. வாலே இல்லாத சின்ன உடம்பு. கரையைப் பார்த்தது, கல்போல அமிழ்ந்தது, வேறோரிடத்தில் எழுந்தது. கூடு இருந்த இடத்தைச் சுற்றியே முங்கி முங்கி எழுந்தது.

சம்பந்தம் முடிவானது. விருந்தினர் போனபின் பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாசியைக் குவித்து, மிஞ்சிய முட்டைகளை அதில் வைத்து மூடினார். மகள் படியில் நின்று பார்த்தாள்; இறங்கவில்லை.

அன்றைக்கே பறவை திரும்பி வந்து அடைகாத்ததாக உறவில் சொல்லிக்கொள்கிறார்கள். வரவில்லை.