தமிழ்நிலாவின் கையில் ஒரு நம்பர்

பெற்ற பிள்ளையின் கையில் போன் நம்பர் எழுதிவிடுகிற புத்தி வினோதினிக்கு ஏப்ரல் மாசத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் அவளும் மற்ற அம்மாக்களைப் போலத்தான், பிள்ளையைக் காணோம் என்றால் பெயரைச் சொல்லிக் கத்துவாள். கத்தினால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை இல்லை தமிழ்நிலா. ஏழு வயது முடிந்துவிட்டது, வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கால் மட்டும் ஓயாது. கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும், போய்க்கொண்டே இருப்பாள்.

அந்த ஏப்ரலில், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் வாங்க வினோதினி திரும்பிய நேரத்தில், பிள்ளை ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். திண்டிவனத்தில் யாரோ போலீசில் ஒப்படைக்க, போலீஸ் விழுப்புரத்தில் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. உன் பேர் என்ன, உன் ஊர் என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! பதில் சொல்லப் பிள்ளைக்கு வாய் ஏது? மூன்றாம் நாள் தேடிப்பிடித்துப் போனபோது, அங்கே இருந்த நோட்டில் பிள்ளைக்கு வேறு ஒரு பெயர் வைத்து எழுதியிருந்தார்கள். இன்னும் ஒரு மாசம் போயிருந்தால் அந்தப் பெயரிலேயே பிள்ளை வளர்ந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. பிள்ளை எங்கே போனாலும் பரவாயில்லை, பார்க்கிறவன் போன் பண்ண ஒரு நம்பர் அவள் உடம்பில் இருக்க வேண்டும்.

பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாள். பிள்ளை எச்சில் தொட்டு அழித்தாள். கழுத்தில் தகடு மாட்டினால் கடித்துத் துப்பினாள். சட்டையில் நம்பர் எழுதிய துணியை வைத்துத் தைத்தால், சட்டையையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். மூட்டைக்கு முத்திரை குத்துகிற மாதிரி என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தராவது, ஒரு மணி நேரம் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு என்று சொல்லியிருப்பார்களா? மூச்.

மே மாசம் பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். அவள் உப்பு வாருகிற உப்பளத்தில் அப்போதுதான் வேலை நெட்டி முறிக்கும். பிரபு, அவள் புருஷன், உப்பு லாரியில் கிளீனர். வாரத்துக்கு ஒரு முறை முகத்தைக் காட்டினால் அதிகம். பிள்ளையை உப்புப் பாத்திக்கு அழைத்துப் போவதைத் தவிர வழியில்லை. பாத்தி வரப்பிலிருந்து ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் ஈ.சி.ஆர். ரோடு. இரண்டுமே பிள்ளையை விழுங்குவதற்கென்றே வெட்டி வைத்தவை என்று வினோதினிக்குத் தோன்றும்.

"பாண்டியில மெஷின்ல பச்சை குத்தறாங்களே, ஒரேயடியா குத்திடேன்டி" என்றாள் தனகோடி. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள், வயதில் மூத்தவள்.

"தலை வாரவே நாலு பேரு புடிக்கணும்க்கா. ஊசிக்கு எங்க உக்காருவா? அதுவுமில்லாம பெரிசாகி, ஏம்மா இப்படிப் பண்ணேன்னு கேட்டா?"

"கேக்கட்டுமே. வாயத் தொறந்து கேட்டா அதுவே போதும்டி."

கடைவீதியில் கௌதமனின் ஃபேன்சி ஸ்டோரில் பிள்ளைகளுக்கான டாட்டூ ஸ்டிக்கர் கிடைத்தது. பட்டாம்பூச்சி, பூ, கார், அதற்கு நடுவே எண்கள் மட்டும் அச்சடித்த ஓர் அட்டை. வினோதினிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாங்கிவந்து, எண்களைக் கத்தரித்து, ஈரத் துணி வைத்து அமுக்கிப் பத்தையும் வரிசையாக ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பாத்திக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தாள். வேர்வையும் உப்புத் தண்ணியும் சேர்ந்து, பத்து மணிக்குள் இரண்டு எண்கள்தான் மிச்சம்.

அடுத்து மருதாணி. இலையை அரைத்து, ஈர்க்குச்சியால் எழுதினாள். அது பிடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும். பிள்ளை அஞ்சு நிமிஷத்தில் பாவாடையில் தேய்த்துவிட்டாள். தூங்கும்போது வைத்தால் புரண்டு படுத்தாள். காலையில் பார்த்தால் கையெல்லாம் ஒரே சிவப்பு அப்பல். எண் ஒன்றும் தெரியவில்லை.

"நம்பருன்னா இதான் சரி" என்று கௌதமன் ஒரு கருப்பு மருதாணிக் கோனை எடுத்து நீட்டினான். "அரை மணியில காஞ்சுடும். பதினஞ்சு நாளைக்கு அசையாது. கல்யாண வீட்டுல எல்லாம் இதான் வாங்கறாங்க." கோனின்மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

வாங்கிவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிராம நர்ஸ் சகாயமேரி தடுப்பூசிக்கு வந்திருந்தபோது காட்டினாள். சகாயமேரி அதைத் தொடக்கூட இல்லை.

"மருதாணின்னா செவப்பாத்தான் புடிக்கும். கருப்பா வந்தா அதுல தலைக்கு அடிக்கிற டை கலந்திருப்பான். பிள்ளைங்க தோலு வெந்துடும். உள்ள என்னா இருக்குதுன்னு எழுதாத எதையும் அதுங்க மேல வைக்காதே."

"வேற எதுவும் நிக்க மாட்டேங்குதே சிஸ்டர். திங்கக்கிழமை பாத்திக்கு இட்டுக்கினு போவணும்."

சகாயமேரிக்கு எரிச்சல் வந்தது. "நான் வேணாம்னுதான் சொல்லுவேன். ஸ்டிக்கர்னாக்கூட முழங்கை மடிப்புல ஒண்ணு ஒட்டி, ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் போடணும். செவந்துச்சு, அரிச்சுதுன்னா தூக்கிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வேணாம் என்றது வினோதினியின் காதில் பாதி விழுந்தது. ரெண்டு நாள் பார் என்றது முழுசாக விழுந்தது. முங்குகிறவளுக்கு எது கையில் சிக்குகிறதோ அதுதானே பிடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையின் முழங்கை மடிப்பில் கோனால் ஒரு பொட்டு வைத்தாள். சனிக்கிழமை ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் பொட்டைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது. பிள்ளை இரண்டு முறை சொறிந்தாள்.

வேறு ஊர்க்காரி என்றால் அந்தக் கோனை அப்போதே குப்பையில் எறிந்திருப்பாள். வினோதினி உப்பளத்தில் நிற்கிறவள். அவள் காலில், கையில், தனகோடியின் கழுத்தில், பாத்திக்கு வந்துபோகிற எந்தப் பிள்ளையின் தோலிலும் எப்போதும் நாலு சிவப்பு இருக்கும், அரிப்பும் இருக்கும். உப்புக் கடி என்பார்கள், தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், மறந்துவிடுவார்கள். வினோதினி தன் முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். அதே சிவப்பு. போன ஞாயிறு பிள்ளையும் பாத்தியில் ஆடினாளே, உப்புக் கடிதான் என்று முடிவு கட்டினாள். மனசின் மூலையில் ஒரு குரல் இல்லாமல் இல்லை. அதை அவளே அமுக்கினாள்.

அன்று பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, இடது முன்கையில் பத்து எண்களையும் கொட்டை கொட்டையாக எழுதி முடித்தாள். தூரத்தில் நின்று பார்த்தாலும் படிக்கலாம். அவ்வளவு அழகான கையெழுத்து அவளுக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

திங்கட்கிழமை, வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, குனிந்த தலை நிமிராமல் உப்பு வாரினாள். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். பிள்ளை வரப்பில் அங்கும் இங்கும் ஓடினாள். ஓடட்டும். தனகோடியோடு நின்று சிரித்துப் பேசக்கூட அவளால் முடிந்தது. சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். அதற்குமேல் அவள் கேட்டதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிள்ளை கையைச் சுவரில் தேய்த்தாள். வினோதினி எண்ணெய் தடவினாள். சொல்லத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் எரியுதும்மா என்று சொல்லியிருக்கும். இவள் தலையைத் தரையில் முட்டினாள். அவளுக்கு அது வழக்கம்தான் என்று வினோதினி நினைத்தாள். புதன்கிழமை விடிந்தபோது ஒவ்வொரு எண்ணும் ஒரு கொப்புளமாக எழும்பி நின்றது, உள்ளே நீர் கோத்து, வரி வரியாக. எண்களை இன்னும் படிக்க முடிந்தது.

"ஐயோ, நானே கொளுத்திட்டேனே!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். தனகோடிதான் இருவரையும் இழுத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். திட்டவில்லை. கொப்புளம் உடைந்த இடங்களைத் துடைத்து, மருந்து தடவி, வெள்ளைத் துணியால் கட்டினாள். பிள்ளையை மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"இனிமே ஆயுசுக்கும் இந்தப் பொண்ணுக்கு டை எதுவும் படக் கூடாதும்மா. கருப்புக் கோன் கிட்டவே போகாதீங்க. அடுத்த தடவை இதைவிட மோசமா வரும்."

"தழும்பு ஆவுமா டாக்டர்?"

"பயப்படாதீங்க, முக்காவாசி மறைஞ்சுடும். ஆழமா வெந்த இடத்துல மட்டும் நிக்கலாம். ஒரு மூணு நம்பர், நாலு நம்பர்."

"எது?"

"எது எதும்மா?"

"எந்த நாலு நம்பர் நிக்கும்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "பெரிசானா முழுக்கை சட்டை போட்டு மறைச்சுக்கலாம்மா, அழாதீங்க" என்றாள் அன்பாக.

"நாலு நின்னு என்னா டாக்டர் பண்றது? யாரும் போன் பண்ண முடியாதே. இவ்ளோ பட்டுட்டா எம்பொண்ணு. பத்தும் நிக்கிற மாதிரி எதுனா பண்ணுங்களேன்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. வினோதினிக்குத் தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெந்த கை ஆற வேண்டும் என்று கேட்கவில்லை. ஆறக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டது பொய்யில்லை. தனகோடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, தமிழ்நிலா ஸ்டூலிலிருந்து இறங்கி, திறந்திருந்த கதவைப் பார்த்து நடந்தாள். வெளியே ஒரே கூட்டம். வினோதினி பாய்ந்து பிடித்தாள். அவசரத்தில் கையில் சிக்கியது கட்டுப் போட்ட கை. பிள்ளை ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். வினோதினியும் கூடவே கதறி அழுதாள். பிடியை மட்டும் விடவில்லை.