கை உயர்ந்தால் அசையக் கூடாது

நானூறு வீடுகளும் நடுவே ஒரு கோல்ஃப் மைதானமும் கொண்ட அந்தக் குடியிருப்பில், வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடும் விதி ஒன்று உண்டு. பந்து அடிக்கப் போகிறவரின் உதவியாள் கையை உயர்த்தினால், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் வேலையாட்கள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது, வாளியைக் கீழே வைக்கக் கூடாது. கை இறங்கிய பிறகு நகரலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு இந்த விதி கிடையாது.

தோட்டக்காரர் இதைத் தன் மனைவிக்கு வீட்டிலேயே பழக்கினார். அங்கே மூன்று வீடுகளில் பெருக்கித் துடைக்க அவள் சேர்ந்த முதல் வாரத்தில், கை உயர்ந்த நேரம் பார்த்து செருப்பிலிருந்த கல்லை உதறித் திட்டு வாங்கியிருந்தாள். அன்று மாலை அடுப்பங்கரையில் அவர் கையை உயர்த்தினார். அவள் கரண்டியோடு சிலையாக நின்றாள்.

"பால் பொங்குதுங்க."

"பொங்கட்டும். கை இறங்கலையே."

அன்று இருவருமே சிரித்தார்கள்.

விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் விசாரணை. அவள் வலது கணுக்காலில் மாவுக்கட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வாக்கர். எதிரே சங்கத்தின் செயலாளரும், அன்று ஏழாவது குழிக்குப் பந்து அடித்த பல் டாக்டரும். அவளை இடித்த பேட்டரி வண்டியை ஓட்டியவர் வரவில்லை. வருத்தம் தெரிவிக்கச் சொல்லி போன் செய்திருந்தார்.

இடித்த இடம் ஏழாவது குழிக்குப் பக்கத்து வளைவு. அங்கே நடைபாதை இல்லை. வேலையாட்கள் வண்டிப் பாதையில்தான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஆறடி உயர வேலிச்செடி, மறுபக்கம் 'புல்லை மிதிக்காதீர்' பலகை. வேலியை இடுப்பளவுக்குக் குறைத்தால் வண்டி வருவது தெரியும் என்று தோட்டக்காரர் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். காபி குடிக்கும்போது போகிறவர் வருகிறவர் தலை தெரியக் கூடாது என்று வளைவு வீட்டுக்காரர் சொன்னதால், இரண்டு முறையும் முடியாது என்றுவிட்டார்கள். பிறகு அவர் அந்த வேலியை ஆறடிக்கு ஓர் இலைகூடக் கூடாமல் குறையாமல் வெட்டி வந்தார். மற்ற தோட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'.

"வேலி விதிப்படி கரெக்டா இருக்கு. டேப் வெச்சு அளந்தாச்சு," என்றார் செயலாளர். "அப்போ, நடுப்பாதையில நின்னது யார் தப்பு?"

"டாக்டர் பந்து அடிக்கப் போனாரு சார். கை தூக்கினாங்க. நின்னேன்."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா," என்றார் பல் டாக்டர். "கை தூக்கின பையனும் வேலையை விட்டுப் போயிட்டான்."

"பார்த்தவங்க யாராவது உண்டா? இல்லேன்னா உன் கவனக்குறைவுன்னுதான் எழுதணும். கேட் பாஸ் இன்னையோட ரத்து."

மூன்று வீட்டு வேலையும் அந்த அட்டையில்தான் இருந்தது. அவள் தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். வாசலோரம் நின்றிருந்த தோட்டக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான் பாத்தேன் சார்."

அவள் சட்டென்று திரும்பினாள். அன்று பம்ப் ஷெட்டில் இருந்ததாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்.

"அந்த வேலியைத்தான் வெட்டிக்கிட்டு இருந்தேன். ஏணி மேல. கை தூக்கியிருந்தாங்க. இது நின்னுச்சு. வண்டிக்காரர் போனைப் பாத்துக்கிட்டே வந்தாரு."

"இரு இரு. வண்டி வர்றது உனக்குத் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது சார்."

"இந்தம்மா நிக்கிறதும் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்ப்பா கத்தல?"

அவர் கத்தரி பிடித்துக் காய்த்த தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"கை தூக்கியிருந்தாங்க சார்."

பல் டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு குரல் குடுத்திருக்கலாமேப்பா. அந்தப் பந்து எப்படியும் குளத்துலதானே விழுந்துச்சு."

"ஞாபகம் வந்துடுச்சா டாக்டர்?" என்றாள் அவள்.

செயலாளர் அதை எழுதவில்லை. எழுதியதை உரக்கப் படித்தார்: பணிப்பெண் விதிப்படி நடந்துகொண்டார். ஏணி மேலிருந்த தோட்டப் பணியாளர் எச்சரிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம். கேட் பாஸ் அவளுக்குத் தொடரும். தோட்டக்காரருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அவர் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"வேலியை மட்டும் இப்படியே வெச்சுக்கோ," என்றார் செயலாளர். "அதுல உன்னைக் குறை சொல்லவே முடியாது."

கேட்டுக்குப் போக அதே வளைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வாக்கரை எடுத்து வைத்து எடுத்து வைத்து அவள் முன்னால் போனாள். தாங்கிப் பிடிக்க வந்த அவர் கையை முழங்கையால் தள்ளினாள். வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"மூணு வாரமா என்னைத் தூக்கி உக்கார வெச்சீங்க. தலை சீவி விட்டீங்க. ஒவ்வொரு நாளும் பம்ப் ஷெட்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இன்னைக்குச் சொன்னதால என் வேலை தப்பிச்சுது. அதுக்குக் கும்பிடு போடணுமா?"

"அப்படியில்ல. அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. உன்னைக் கூப்பிடத்தான்..."

அவள் ஒரு கையால் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையை உயர்த்தினாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு கால் முன்னால் இருந்தபடியே நின்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை இறக்கி வாக்கரைப் பிடித்து வளைவில் திரும்பினாள். ஆறடி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தலை தெரியவில்லை. டக், டக் என்ற சத்தம் மட்டும் கேட்டைப் பார்த்துப் போனது.

கை இறங்கி வெகுநேரமாகியும் அவர் நகரவில்லை.