மூன்றாவது கல்

இப்போது அரசாங்க நினைவில்லமாகிவிட்ட கவிஞர் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு அறுபத்தொரு வயது. ஆறு வயதிலேயே செத்துப்போனவள் அவள். நானாகச் சொல்லவில்லை; கவிஞர் சொன்னார், அரசாங்கமும் ஆமாம் போட்டுக் கூடத்துச் சுவரில் வம்சப் பட்டியலாக எழுதி மாட்டியிருக்கிறது. கவிஞர், மனைவி, ஒரே மகள். மகள் பெயருக்குக் கீழே இறந்த தேதி. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது தெரியுமா? மகள் சாவைப் பாடிய பாட்டின் அடியில் கவிஞர் போட்டிருந்த தேதி அது. பாட்டையே மரணச் சான்றிதழாக எடுத்துக்கொண்ட புண்ணியவான்கள்.

நடந்தது இதுதான். சிட்டுக்கு, அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார், ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஈரத்துணியோடு கட்டிலடியில் கிடந்தாள். அப்பா மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செத்துப்போன மகளுக்குப் பாட்டு எழுதினார். மறுநாளே அது தபாலில் போனது. அதற்கடுத்த நாள் சிட்டு கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

பாட்டு அச்சில் வந்ததும் நாடே அழுதது. அழுதவர்கள் சும்மா இருப்பார்களா, துக்கம் கேட்க வீடு தேடி வந்தார்கள். வாசலில் கார் நின்றால் சிட்டு பரணில் ஏறி மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். ஒருநாள் மேலேயிருந்து தும்மிவிட்டாள். அந்த வாரமே அப்பா அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். அவருடைய கொஞ்ச நாள் அவர் சாகிறவரைக்கும் முடியவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சிட்டு இறந்தால் மட்டும்தான் பொன்.

பாட்டு பாடப்புத்தகத்தில் ஏறியது. எட்டாம் வகுப்பில் அவளும் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். தான் செத்ததைத் தானே சொன்னதற்குப் பத்துக்கு ஏழு மார்க். உணர்ச்சி பத்தாது என்றாராம் வாத்தியார்.

மாதம் ஒருமுறை அம்மா பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாத அம்மா. அந்தக் கோபம் சிட்டுக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் கடைசியாக வந்தபோது அவள் சொன்ன சொல்லையும் சிட்டு மறக்கவில்லை.

"உன்னைக் கூட வச்சுக்க எனக்குக் கொடுத்து வைக்கல. மண்ணுக்குள்ளயாவது வந்து என் பக்கத்துல படு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தன் புருஷன் செத்தபிறகு இங்கே வந்து துடைப்பத்தைப் பிடித்தாள். பதினாலு வருஷம் ஆயிற்று. யார் எவர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெருக்க வந்தவளின் பூர்வீகம் யாருக்கு வேண்டும்? வீட்டுக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் அப்பா, அவருக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்கு இந்தப்புறம் கொஞ்சம் வெறும் மண். தினமும் அந்த மண்ணைக் கூட்டிவிட்டு, நமக்கு இருக்கிறது என்று நிம்மதியாகப் போவாள்.

இந்த வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது, ஆறு மாசம் தாண்டினால் பெரிசு என்றார்கள். அப்புறம்தான் அம்மா பக்கத்தில் இடம் கேட்டு நினைவில்லத்து அதிகாரியிடம் போனாள். வேலிக்குள் குடும்பத்தாரைத் தவிர யாரையும் புதைக்க விதியில்லை என்றாள் அதிகாரி. தவிர அந்த இடம் குழந்தைக்கு. நூற்றாண்டு விழாவுக்குக் கல் சொல்லியாயிற்று என்றாள்.

"அந்தக் குழந்தை நான்தாம்மா."

அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல பெண்தான், அதுதான் வயிற்றெரிச்சல். சிட்டு கொண்டுவந்த பள்ளிக்கூடச் சேர்க்கைத் தாளைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கவிஞரின் கடிதங்களோடு வைத்து வைத்துப் பார்த்தாள். செத்து எட்டு மாதம் கழித்து மகளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார் கவிஞர். கீழே அதே சுழித்த கையெழுத்து. அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. நம்பிவிட்டாள். நம்பி என்ன பிரயோஜனம்?

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவங்கம்மா. குழந்தை கிடந்த கட்டிலைத் தொட்டு அழுதுட்டுப் போறாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"பிழைச்சிட்டான்னு சொல்லுங்க. சந்தோஷப்படட்டுமே."

அதிகாரி தாளை வாங்கி வைத்துக்கொண்டாள், நினைவில்லக் குழுவுக்கு அனுப்புகிறேன் என்று. நாற்பது நாளில் பதில் வந்தது. கையெழுத்து கவிஞருடையதே, அந்தக் காலத்தியது கிடைப்பது அபூர்வம், அன்பளிப்பாக நன்றியுடன் ஏற்கப்படுகிறது. மற்றபடி, ஆவணங்களின்படி மகள் ஆறு வயதில் இறந்துவிட்டதால், குடும்பத்தைச் சாராதவரின் கோரிக்கையை ஏற்க வழியில்லை. தாளை மடித்துக் கையெழுத்து மட்டும் தெரியும்படி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கைவசம் இருந்த ஒரே அத்தாட்சியும் போயிற்று. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் வேலையும் அவளுக்குத்தான்.

சிட்டு அழவில்லை. தூ என்று துப்பத் தோன்றியது. துப்பினால் தானேதான் துடைக்க வேண்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் கல் வந்தது. மூன்றடி வெள்ளைக் கல், அவள் முழுப்பெயரோடு. கொத்தனார் அதை நட்டுவிட்டுப் போனபிறகு தோட்டக்காரர் மட்டும் சுற்றிலும் புல் பதித்துக்கொண்டிருந்தார். பதினாலு வருஷமாக அவளோடு ஒரே வாளியில் தண்ணீர் மொண்டவர். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சிட்டு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். இதன் அடியில் யாரும் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றாள். என் பெயர் போட்ட இடத்தில் என்னை வைத்தால் அது திருட்டா என்று கேட்டாள்.

தோட்டக்காரர் கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, மண்வெட்டிப் பிடியை வைத்துக் கல்லிலிருந்து வேலிவரை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"குழந்தைக்குன்னு விட்ட அளவு இது, அக்கா. உங்களுக்கு நீளம் பத்தாது."

சிட்டு அம்மாவின் கல்லைப் பார்த்தாள்.

"பரவாயில்ல. காலை மடக்கிக்கிறேன்."