திரையில் வந்த கட்டளை

மத்தியானச் சமையலை முடித்து, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிரிஜா டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக அரசின் கல்விச் சேனல் நடத்தும் வகுப்பு அது. முதல் நாள் அவளே பதிவு செய்து வைத்தது. குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பேராசிரியர் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார். திரையின் மூலையில் சின்னதாய் ஒரு கட்டம் எழுந்தது.

"மேகம் போட்டிருக்கு. மாடியில துணி காயுது. உட்கார்ந்து டிவி பார்க்கிறியா?"

அனுப்பியவன் அவள் கணவன் தேவராஜ். ஹைதராபாத்தின் உப்பலில், அலுவலகத்தின் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு மல்காஜ்கிரி வீட்டு டிவியை நிறுத்தியிருக்கிறான். கிரிஜா படியேறிப் போய்த் துணியை எடுத்து வந்தாள். பேராசிரியர் அப்படியே நின்றிருந்தார். ரிமோட்டை அழுத்திப் பார்த்தாள், வேலை செய்யவில்லை. துணியை எடுத்துவிட்டேன் என்று போன் செய்து சொன்ன பிறகுதான் அவர் மறுபடி பேச ஆரம்பித்தார்.

தேவராஜுக்குச் சொந்த ஊர் சேலம். கம்ப்யூட்டர் வேலைக்காக ஹைதராபாத் வந்தவன். கிரிஜாவோ செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் குடும்பம் ரயில்வே வேலைக்கு வந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்டது. அவள் பேச்சில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் தானாக வந்து விழும். கல்யாணமான புதிதில் தேவராஜ் அதை ரசித்தான். பிறகு விருந்தாளிகள் முன்னால் நடித்துக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தான்.

டிவி விஷயமும் அப்படித்தான் ஆயிற்று. சாட்டிலைட் ரிசீவரில் கம்பெனிக்காரன் கொடுத்த மென்பொருளைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் மீடியா சென்டர் மென்பொருளை அவன் ஏற்றியபோது கிரிஜாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படுக்கையறை டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை ஒட்டவைத்தான். இரண்டும் ஒன்றோடொன்று பேசின. ஹாலில் பாதி பார்த்த படத்தை உள்ளே போய் மீதி பார்க்கலாம். வேண்டிய நிகழ்ச்சியை வேண்டிய நேரத்தில் அதுவே பதிவு செய்துகொள்ளும். கல்விச் சேனலை எப்படிப் பதிவு செய்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

அந்த மென்பொருளை ஒரு செயலி வழியாகப் போனிலிருந்தே இயக்கலாம் என்பதைக் கண்டுபிடித்த பிறகு அவன் மாறினான். வீட்டில் என்ன ஓடுகிறது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதெல்லாம் அலுவலகத்திலேயே தெரிந்தது. முதலில் விளையாட்டாய், சாப்பிட்டாயா என்று திரையில் எழுதினான். பிறகு, காலையிலேயே சீரியலா என்று கேட்டான். அப்புறம் கேள்விகள் போய்க் கட்டளைகள் வந்தன. தான் நிறுத்தியதை வேறு யாரும் ஓட்ட முடியாதபடி ரகசிய எண் போட்டுப் பூட்டினான். கேட்டால், எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்பான்.

கிரிஜா நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவள். மகள் ஹம்ஸினி பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தகுதித் தேர்வு எழுதி மறுபடி பள்ளிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. எதிர்வீட்டு பூர்ணாவும் அதே தேர்வுக்குப் படித்தாள். பூர்ணா வீட்டில் பெரிய டிவியும் கிடையாது, பதிவு செய்யும் வசதியும் கிடையாது. அதனால் மத்தியானங்களில் இருவரும் கிரிஜாவின் ஹாலில் சேர்ந்து பாடம் கேட்டார்கள். ஒருத்திக்குப் புரியாததை மற்றவள் சொல்லிக் கொடுப்பாள். கிரிஜாவுக்குக் கணக்கு தடுமாறும். பூர்ணா அதில் புலி.

இது ஹம்ஸினியின் வாய்வழியாக ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தேவராஜுக்குத் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் பின்னக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது திரை உறைந்தது. இந்த முறை கட்டத்தில் ஆங்கிலம். பூர்ணாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எழுதியிருந்தான். இது இலவசக் கோச்சிங் சென்டர் இல்லை என்று உன் சிநேகிதியிடம் சொல், என்றிருந்தது.

பூர்ணா அதைப் படித்தாள். நோட்டை மூடினாள்.

"நேனு ரேப்பட்டி நுஞ்சி ரானு, கிரிஜா" என்றாள் பூர்ணா. நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்ன அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. எதிர்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் தேவராஜ் செருப்பைக் கழற்றும் முன்பே கிரிஜா கேட்டாள். "என்ன திட்டணும்னா என்னத் திட்டுங்க. வீட்டுக்கு வந்தவங்கள கைக்கு அவமானப்படுத்தணும்?" ஏன் என்று கேட்க அவளுக்கு வந்த வார்த்தை, ஹைதராபாத்தின் 'கைக்கு'.

"கைக்காம், கைக்கு. முதல்ல தமிழ் பேசக் கத்துக்க. அப்புறம் டீச்சராகலாம்."

"பேச்ச மாத்தாதீங்க."

"என் ரிசீவர், என் கம்ப்யூட்டர், நான் ராத்திரி பகலா உட்கார்ந்து ஏத்தின சாஃப்ட்வேர். அதுல யார் என்ன பார்க்கிறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

அவள் விடவில்லை. வார்த்தை வளர்ந்தது. தேவராஜ் போனை எடுத்து எதையோ தட்டினான். பிறகு திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் மாதக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாடங்கள் இருந்த பகுதி வெறுமையாக இருந்தது. கிரிக்கெட் தொடர் ஆரம்பிக்கிறது, டிஸ்கில் இடம் வேண்டும் என்றான்.

கிரிஜா அன்று அழவில்லை. அழுதால் அவனுக்குத் திருப்தியாகிவிடும் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து புதிய பாடங்களை அவை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்துக் குறிப்பெடுத்தாள். தனியாக. பூர்ணாவைப் படிக்கட்டில் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் தேவையான வார்த்தைகள் மட்டும் நடமாடின. கிரிக்கெட் ஓடியது, பதிவாகியது, யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிரிஜா ஹாலில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தேவராஜ் சோபாவில் சாய்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தான். ஹம்ஸினி படுக்கையறையில் இருந்தாள். திரை உறைந்தது. கட்டம் எழுந்தது.

"மம்மி, நூடுல்ஸ் பண்ணு. ஜல்தி. வேஸ்ட்டா உட்காராதே."

கிரிஜா கணவனைப் பார்த்தாள். அவன் தன் போனை உயர்த்திக் காட்டி, நான் இல்லை என்று தலையசைத்தான். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு கேட்டது. ஹம்ஸினி தன் டேப்லெட்டில் அதே செயலியை இறக்கி, அப்பா போடும் ரகசிய எண்ணைப் பார்த்துவைத்து, தானே இணைத்திருக்கிறாள்.

தேவராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "எல்லாத்தையும் அவளே கண்டுபிடிச்சுச் செட் பண்ணியிருக்கா, பார்த்தியா. என் பொண்ணு."

கிரிஜா எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். டிவியும் ரிசீவரும் செத்தன. மகளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அடி விழும் என்று அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"குழந்தை விளையாட்டுக்குச் செஞ்சதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே" என்றான் தேவராஜ்.

"அவ விளையாடல. அம்மாகிட்ட இப்படித்தான் பேசணும்னு கத்துக்கிட்டிருக்கா. நீங்க சொல்லிக் குடுத்தது." கிரிஜாவின் குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு இவளக் கட்டிக்கிறவன் இவ படிக்கிற பாடத்த ஆபீஸ்லேருந்து நிறுத்துவான். இவ ஃப்ரெண்ட வாசல்லேருந்து வெரட்டுவான். இவ சேத்து வச்சத ஒரு தட்டுல அழிப்பான். அன்னைக்கும் இப்படிச் சிரிப்பீங்களா?"

தேவராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஹம்ஸினி அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு முழுதும் வடிந்துபோயிருந்தது.

"நாக்கு கூடா அலா சேஸ்தாரா, டாடி?"

தனக்கும் அப்படிச் செய்வார்களா என்று மகள் கேட்கிறாள். அவனுக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனால் இது புரிந்தது. இல்லை என்று சொல்ல நினைத்தான். அதைச் சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று அந்தக் கணத்தில் அவனுக்கே சந்தேகமாக இருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு தன் மகளின் முன்னால் திரையை உறையவைப்பது கண்ணில் வந்து நின்றது. அவன் மீது கோபம் பொங்கியது. அந்தக் கோபம் சுற்றிக்கொண்டு வந்து தன் மீதே விழுந்தபோது, தேவராஜ் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அங்கேயே வெகுநேரம் நின்றான்.

மறுநாள் அவன் விடுப்பு எடுத்தான். டிஸ்கைக் கழற்றி, அழித்த பாடங்களை மீட்க முடியுமா என்று காலை முழுவதும் போராடினான். முடியவில்லை. அவை இருந்த இடத்தின் மீதெல்லாம் கிரிக்கெட் பதிவாகியிருந்தது. ரகசிய எண்ணை நீக்கினான். தன் போனிலிருந்தும் மகளின் டேப்லெட்டிலிருந்தும் அந்தச் செயலியை எடுத்தான். சமையலறை வாசலில் வந்து நின்று, தன்னால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டதாகவும், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்றும் சொன்னான். பூர்ணாவிடம் தானே வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்றும் கேட்டான்.

"நக்கோ. முதல்ல நான் போறேன்" என்றாள் கிரிஜா.

எதிர்க் கதவைத் தட்டினாள். பூர்ணா திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. கிரிஜா நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பூர்ணா கதவு நிலையைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டுக்கு இனி வரமாட்டேன், எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் வரமாட்டேன் என்றாள். பிறகு சற்று நகர்ந்து வழி விட்டாள். வேண்டுமானால் நீ இங்கே வா, போனில் பார்க்கலாம், திரைதான் சின்னது என்றாள்.

கிரிஜா நோட்டை எடுத்துப் போகத் திரும்பி வந்தபோது தேவராஜ் ஹாலில் காத்திருந்தான். ஹம்ஸினியும் பள்ளியிலிருந்து வந்துவிட்டிருந்தாள். "எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனிமே எதையும் நிறுத்த மாட்டேன். இன்னும் கோபமா?" என்று கேட்டான்.

"கோபம் போக நாளாகும்" என்றாள் கிரிஜா. மகளும் கேட்கட்டும் என்று நிதானமாகவே சொன்னாள். "நீங்க மிஷின்லேருந்து எடுத்துட்டீங்க, சரி. மனசுலேருந்தும் எடுங்க. டிவியக் கட்டி ஆளலாம், கம்ப்யூட்டரக் கட்டி ஆளலாம். கூட இருக்கிற மனுஷங்கள அப்படி ஆளணும்னு நினைச்சா அங்க அன்பு இருக்காது, பயம்தான் இருக்கும். பிள்ளைங்க அந்த பயத்தத்தான் கத்துக்கும்."

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பூர்ணா வீட்டுக்குப் படிக்கப் போனாள்.