யாரும் பார்க்காத எடை

பார்சல் ஆபீசில் மூட்டைகளை நிறுத்துச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. எல்லாருக்கும் அவள் ‘தராசக்கா’. ஆள் ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

காசநோய் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். இருமல் நின்றது. மூன்றாம் மாதம் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டிய பெட்டிகளில் பச்சையை ஒட்டிவிட்டாள். இரண்டுமே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தன. பிறகு எதிரே நிற்பவரின் முகமே நடுவில் அழிந்துபோயிற்று.

கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கடைசியில் ஒரு கண் டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“உங்க எடை எவ்வளவும்மா?”

“முப்பத்தாறு கிலோ.”

“இது அறுபது கிலோ ஆளுக்கு எழுதுற அளவு. கண் நரம்பு அடிபட்டிருக்கு. இந்த ஒரு மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரியில நான் பேசிக்கிறேன்.”

“பார்வை திரும்புமா?”

“கொஞ்சம் வரலாம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். “ஊர்ல உள்ள மூட்டையெல்லாம் நிறுத்தேன். என்னை ஒருத்தரும் நிறுக்கலையே!”

“நடந்தது நடந்துபோச்சு. அவங்களோட மல்லுக்கட்ட முடியுமா?” என்றான் கணவன்.

“முதல்ல வண்டிய எடுங்க.”

ஆஸ்பத்திரியில் அன்று மாத்திரை கொடுக்கும் நாள். வரிசை நெடுகிலும் நடந்தாள். “உங்களுக்கு எடை பார்த்தாங்களா?” என்று ஒவ்வொருவரிடமும் அவள் கேட்க, கணவன் எழுதிக்கொண்டான். நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்குப் பார்க்கவில்லை.

“யாரும்மா உங்களை உள்ள விட்டது?” என்று எரிந்து விழுந்தார் தலைமை டாக்டர்.

“சண்டைக்கு வரல டாக்டர். இதைக் கொஞ்சம் படிங்க. என்னால படிக்க முடியாது.”

படித்தார். முகம் வாடியது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “தப்பு எங்க மேலதான்.”

அடுத்த வாரமே மாத்திரை ஜன்னலருகே எடை மெஷின் வந்தது. நிறம் சோதிக்கும் அட்டையும் வந்தது. முதல் நாளே ஒரு தையல்காரர் அந்த அட்டையில் தடுமாறினார். அங்கேயே அவருக்கும் அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தினார்கள்.

ஆறு மாதத்தில் அவளுக்குப் பக்கவாட்டுப் பார்வை தெளிந்தது. நடுவில் மூட்டம் அப்படியே இருந்தது. ஆபீசில் போனில் பார்சல் பதிவு செய்யும் வேலைக்கு மாறினாள். தலையைச் சாய்த்து ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளப் பழகினாள்.

ஒரு காலை அந்தத் தையல்காரர் தேடி வந்தார். “அக்கா, இப்ப எல்லா நூலும் பளிச்சுன்னு தெரியுதுக்கா!”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. “கிடக்கட்டும்!” என்று எழுந்தவள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்: “எல்லாரும் இங்க வாங்க! இவர் சொல்றதக் கேளுங்க!”